பறி கவ்விய வாய்

பழவேற்காடு ஏரியில் இறால் தடவும் பெண்கள் தண்ணீருக்குள் பேசுவதில்லை. விரதம், நேர்த்திக்கடன் என்று எதுவுமில்லை. பேசுவதற்கு வாய் காலியாக இருந்தால்தானே? இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் முடைந்த பறி வேண்டும். அதைப் பிடிக்க மூன்றாவது கை ஒன்றைக் கடவுள் கொடுக்கவில்லை. ஆகவே பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரிய, சேற்றைத் தடவித் தடவித் தவழ்ந்து போவார்கள். கரையில் நாலு தெருவுக்குக் கேட்கச் சண்டை போடுகிற வாயாடிகூட ஏரியில் இறங்கிவிட்டால் கப்சிப்.

ராஜாத்தியும் அப்படி வளர்ந்தவள்தான். பால் பல் விழுந்து முளைத்த பல்லால் பறியைக் கவ்வியவள். அவளுக்குக் கண் முகத்தில் இருந்ததைவிட விரல் நுனியில் இருந்தது என்றே சொல்ல வேண்டும். சேற்றில் காலடி பதிந்த பள்ளம் கையில் தட்டுப்பட்டால் அதில் இறால் ஒண்டியிருக்கிறதா இல்லையா என்று விரல் சொல்லிவிடும். இருந்தால் ஒரு கையை முன்னால் காட்டி மிரட்டுவாள். இன்னொரு கையைப் பின்னால் விரித்து வைத்திருப்பாள். இறால் மிரண்டால் முன்னால் ஓடாது, பின்னால்தான் துள்ளும். துள்ளி நேரே அவள் உள்ளங்கையில் வந்து உட்காரும்.

போன மழைக்காலத்தில் அந்த வலது கையில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. கை பூசணிக்காய் மாதிரி வீங்கி, சீழ் வைத்து, பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிழித்து, ஒருவழியாக ஆறியது. ஆறியதே தவிர, இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. இறால் தொட்டாலும் ஒன்றுதான், கிளிஞ்சல் தொட்டாலும் ஒன்றுதான். மற்றப் பெண்கள் பறி நிறையக் கரையேறும்போது இவள் பறி மேலாக மிதந்துகொண்டு வந்தது.

புருஷன் கருப்பன் நல்லவன். குடிக்காமல் இருக்கிற நாட்களில் ரொம்பவே நல்லவன். ஒருநாள் சாயங்காலம் அவளுடைய பறியைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இன்னாமே பண்றது? பொங்கல் கழிஞ்சி செங்கல் சூளைக்கு ஆள் ஏத்த வண்டி வருது. ரெண்டு பேரும் போயிடலாம்."

"இந்த ஏரிய வுட்டு எனக்கு வரப் பிடிக்கலய்யா."

"எனக்கு மட்டும் பிடிச்சா சொல்றேன்? இங்கயே உனக்கு வேற வேலை கெடச்சா இருப்போம். இல்லாங்காட்டி வண்டி ஏறத்தான் வேணும்."

வேறு வேலை ஒன்று இருக்கத்தான் செய்தது. பூநாரை பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போக, சென்னையிலிருந்து சுபஸ்ரீ என்ற பெண் ஒரு சிறிய குழுவைத் தொடங்கியிருந்தாள். படகுக்கு மீனவக் குப்பத்து மணிகண்டனைப் பேசி முடித்துவிட்டாள். ஆனால் பூநாரை நிற்கிற இடம் முழங்கால் தண்ணீர்; அங்கே படகு போகாது. படகு தரை தட்டும் இடத்தில் இறங்கி, எது கெட்டிச் சேறு, எது உள்ளே இழுக்கிற சேறு என்று தெரிந்து நடத்திப் போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் போகப் போகப் பேசவும் வேண்டும், இங்கிலீஷில்.

சேறு ராஜாத்திக்கு அத்துப்படி. இங்கிலீஷ்தான் ஏ, பி, சி, டியோடு நின்றிருந்தது.

அதனால் அவள் செசிலியாவின் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். செசிலியா குப்பத்துப் பெண், ராஜாத்தியைவிட இளையவள், படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். சாயங்காலங்களில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுத்தாள். மணிகண்டனும் வந்தான். மீன் கூடையோடு நேரே சந்தையிலிருந்து முத்தம்மாளும் வந்தாள். குப்பத்து ஆட்களும் இறால் தடவுகிற ஆட்களும் ஒரே பாயில் உட்காருவது ஊரில் வழக்கமில்லை. புயலுக்குத்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒருநாள் செசிலியா கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி உரக்கப் படித்தாள். "ஐ வான்ட் டு கோ, பட் ஐ ஹேவ் டு ஸ்டே."

"போவணும்னு ஆசை, இருக்க வேண்டியதாப் போச்சு. அதானே டீச்சர்?" என்றாள் ராஜாத்தி.

"அதேதான்க்கா. ஆனா நீ இப்ப சொன்னதுல 'நான்' எங்க?"

ராஜாத்தி யோசித்தாள். எங்கேயும் இல்லை. தமிழில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை.

"நாம நானை முழுங்கிடுவோம்" என்றாள் செசிலியா. "இங்கிலீஷ்காரன் முழுங்க மாட்டான். ஆசைப்பட்டது யாரு? ஐ. இருந்தது யாரு? அதே ஐ. ரெண்டு பக்கமும் வந்து நின்னு கையத் தூக்கணும். ஒரே ஆளு, ரெண்டு மனசு. ரெண்டையும் ஒத்துக்கணும்."

"அந்த 'டு' எதுக்கு நடுவுல?" என்று கேட்டான் மணிகண்டன்.

"இஞ்சின் நின்னுபோன போட்ட இன்னொரு போட் கயிறு கட்டி இழுக்குதுல்ல? அந்தக் கயிறுதான் அது அண்ணா. வான்ட் முன்னால போவுது, கோ பின்னால வருது."

மணிகண்டனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. செசிலியா இன்னொன்றும் சொன்னாள். அன்றாடப் பேச்சில் 'பட்'டுக்கு முன்னால் வருவது பெரும்பாலும் மரியாதை; பின்னால் வருவதுதான் சேதி. வர ஆசைதான், ஆனால் எனக்கு வேலை இருக்கிறது என்று ஒருவன் சொன்னால், அவன் வரமாட்டான். வேலை இருக்கிறது, ஆனால் எனக்கு வர ஆசை என்று திருப்பிப் போட்டுச் சொன்னால், அவனுக்கும் சேர்த்து உலை வைக்கலாம்.

ராஜாத்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்னால் காட்டுகிற கை வேறு, பின்னால் விரித்து வைக்கிற கை வேறு. இறால் பின்னால்தான் துள்ளும். கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற மனுஷர்கள் பேசுகிற பேச்சு, தன் கை இத்தனை வருஷமாகச் சேற்றுக்குள் செய்துகொண்டிருந்த வேலை மாதிரியே இருக்கிறதே என்று அவள் வியந்துபோனாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

"ஒவ்வொருத்தரும் சொந்தமா ஒண்ணு சொல்லுங்க" என்றாள் செசிலியா. "மெய்யா இருக்கணும்."

முத்தம்மாள் முந்திக்கொண்டாள். "ஐ செல் ஃபிஷ், பட் ஐ டோன்ட் ஈட் ஃபிஷ்."

"மெய்யாலுமாக்கா?" என்று எல்லோரும் திரும்பினார்கள். இருபது வருஷமாக ஊருக்கே மீன் விற்கிறவள்.

"வாய்ல வெச்சா குமட்டுது. யாரு கேட்டீங்க இத்தினி நாளா?" என்றாள் முத்தம்மாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் மணிகண்டன் எழுந்து நின்றான். கதவு மாதிரி ஆள். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் அலை கொந்தளிக்கும்போது மற்றவர்கள் தயங்கினால், இவன்தான் முதல் படகை விடுவான். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தான்.

"ஐ கோ டு சீ எவ்ரிடே, பட் ஐ ஃபியர் த சீ."

தினம் கடலுக்குப் போகிறேன், ஆனால் எனக்குக் கடல் என்றால் பயம். விளையாட்டாகச் சொல்கிறானா என்று எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், விளையாட்டு இல்லை. வெட்டிப் போட்டாலும் தமிழில் இதை அவன் சொல்லியிருக்க மாட்டான். குப்பத்தில் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒருவன் படகைத் தொட முடியாது. ஆனால் அந்த இரண்டு 'ஐ'யும் அவனை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தி, உள்ளே கிடந்ததை வெளியே எடுத்துவிட்டன. ராஜாத்தி அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை பெரிய ஆளுக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறதே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

"வெளிய யாரும் மூச்சு வுடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்தான். யாரும் விடவில்லை. அதுவும் ஓர் அதிசயம்தான்.

அடுத்தது ராஜாத்தியின் முறை. உள்ளே ஒன்று இருந்தது. அது தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததைத் திரும்ப விழுங்கிவிட்டு, "ஐ லைக் டீ, பட் ஐ ட்ரிங்க் காஃபி" என்றாள். அவள் வீட்டில் காப்பித்தூள் நுழைந்ததே கிடையாது.

"அக்கா, மெய்யா இருக்கணும்னு சொன்னேன்ல?" என்று சிரித்தாள் செசிலியா. "பரவால்ல. நீ எனக்கு ஒண்ணு பாக்கி."

அதற்கப்புறம் ராஜாத்தி விடாமல் பழகினாள். காலையில் ஏரியில் தவழும்போது பறி வாயில் இருக்கும். தலைக்குள் இங்கிலீஷ் ஓடும். ஐ நோ, பட் ஐ டோன்ட் நோ. ஐ ட்ரை டு கேட்ச், பட் ஐ மிஸ். கரையேறி வாயைத் திறந்தால் கடகடவென்று கொட்டும். பொங்கலுக்கு முன்னால் சுபஸ்ரீ வகுப்புக்கே வந்து அவளைப் பேசச் சொல்லிக் கேட்டாள். ராஜாத்தி சேற்றைப் பற்றி இங்கிலீஷில் நின்று நிதானமாகச் சொன்னதைக் கேட்டு அசந்துபோனாள்.

"சூப்பர்! பொங்கல் முடிஞ்சதும் புனேயிலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க. நீங்க கூட்டிட்டுப் போங்க. நல்லா வந்தா வேலை உங்களுக்குத்தான்" என்றாள்.

அந்த நாளும் வந்தது. அதற்கு மறுநாள் காலையில் சூளை வண்டி. கருப்பன் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டான். ஆனால் முடிச்சை இறுக்கவில்லை.

புனேக்காரர்கள் வயதான கணவன் மனைவி. தலை நிறைய வெள்ளை முடி, கழுத்தில் தொலைநோக்கி, வாய் நிறையச் சிரிப்பு. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. படகில் போகும்போது ராஜாத்தி வெளுத்து வாங்கினாள். அது என்ன பறவை, இது என்ன வலை என்று அவர்கள் கேட்கக் கேட்கப் பதில் சொன்னாள். மணிகண்டன் இஞ்சினை ஓட்டிக்கொண்டே அவளைப் பெருமையாகப் பார்த்தான்.

படகு தரை தட்டியது. இஞ்சின் நின்றது. தூரத்தில் தண்ணீரின் மேல் வெளிர்சிவப்பாக ஒரு நீளக் கோடு. கரை என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது அசைந்தது. அத்தனையும் பூநாரை.

ராஜாத்தி முதலில் இறங்கினாள். குளிர்ந்த சேறு கணுக்காலைப் பிடித்தது. சுபஸ்ரீயும் விருந்தாளிகளும் பின்னால் இறங்கினார்கள்.

"சொல்லுங்க ராஜாத்தி" என்றாள் சுபஸ்ரீ.

ராஜாத்தி சொல்லப் போனாள். வாய் திறக்கவில்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். வார்த்தைகளெல்லாம் தலைக்குள் வரிசையாக நின்றன. வாய்தான் திறக்கவில்லை. பல்லும் பல்லும் ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. அவள் முன்னால் நடந்தாள்; கெட்டிச் சேற்றைக் காலால் தொட்டுப் பார்த்து, கையைக் காட்டி வழி சொன்னாள். அவர்கள் நடந்தார்கள். அந்த அம்மாள் ஏதோ கேட்டாள். ராஜாத்தி தலையாட்டினாள். பெரியவர் ஏதோ கேட்டார். அதற்கும் தலையாட்டினாள்.

"என்ன ஆச்சு? போட்ல நல்லாத்தானே பேசினீங்க?" என்று சுபஸ்ரீ காதருகே வந்து கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, ஏமாற்றம் இருந்தது.

சூளை வண்டி ராஜாத்தியின் கண் முன்னால் வந்து நின்றது. செம்மண் புழுதியும் புகையும், தண்ணீரே இல்லாத ஒரு வெளியும் தெரிந்தன. பேசப் பார்த்தாள். தாடை கல்லாகக் கிடந்தது. புனே அம்மாள் அவளைப் பரிவோடு பார்த்து, இந்தப் பெண்ணுக்குக் கூச்சமோ என்று சுபஸ்ரீயிடம் மெல்லக் கேட்டாள். சுபஸ்ரீ படகின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

படகில் நின்ற மணிகண்டன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு வேலையை நம்பி அவனும் இருந்தான். கடலுக்குப் போகாமல் ஏரியில் படகு ஓட்டிப் பிழைக்க அவனுக்குக் கிடைத்த வழி அது. படகில் ஏறுகிறவர்கள் முன்னால் படகுக்காரன் சொல்லவே கூடாத வார்த்தை என்று ஒன்று உண்டு. அவன் இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஏரி அதிர அதைத்தான் கத்தினான்.

"ஐ கோ டு சீ எவ்ரிடே, பட் ஐ ஃபியர் த சீ! இப்ப நீ சொல்லும்மா! டீச்சருக்கு ஒண்ணு பாக்கி கீது!"

எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். சுபஸ்ரீயின் முகம் வெளிறியது. அவன் அசையாமல் நின்றான்.

தனக்காக அவன் எதைத் தூக்கிப் போட்டுவிட்டான் என்று ராஜாத்திக்கு விளங்கியது. அவளுக்கு மார்பு விம்மியது. அந்த விம்மலில்தான், தன் பற்கள் எதையோ கவ்வியிருப்பதை உணர்ந்தாள். வாயில் பறி இல்லை. ஆனாலும் கவ்வியிருந்தாள். தண்ணீரில் கால் வைத்த உடனே வாய் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டிருக்கிறது! பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும்போது தன் குரல் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விரலால் தாடையை அழுத்தினாள். பல் விலகியது.

"ஐ..." என்றாள். தன் குரல் தண்ணீரின் மேல் ஓடிப் போவதைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். "ஐ நோ திஸ் வாட்டர், பட் ஐ நெவர் டாக் இன் திஸ் வாட்டர்."

இந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும், ஆனால் இந்தத் தண்ணீருக்குள் நான் பேசியதே இல்லை. புனேக்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ராஜாத்தி தோளில் கிடந்த துண்டின் முனையைப் பல்லால் கவ்வி, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் தடவிக் காட்டினாள். துண்டை எடுத்துவிட்டு வலது கையைத் தூக்கினாள்.

"டூ ஃபிங்கர்ஸ் ஸ்லீப். ஐ கான்ட் கேட்ச் நௌ. பட் ஐ வான்ட் டு ஸ்டே. ஐ வான்ட் டு ஸ்டே இன் மை லேக்."

பாக்கி தீர்ந்தது. இரண்டாம் தடவை சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. புனே அம்மாள் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். செத்துப்போன இரண்டு விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. மற்ற மூன்றுக்கும் அந்தக் கையின் சூடு தெரிந்தது.

மணிகண்டனின் கத்தலுக்கு மேல் இந்தப் பேச்சுச் சத்தமும் சேர்ந்ததில் தூரத்துச் சிவப்புக் கோடு கலைந்தது. ஆயிரம் கழுத்துகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் கூட்டம் எழுந்துவிடும். ராஜாத்தி வாயில் விரலை வைத்தாள். புனே அம்மாள் என்ன நினைத்தாளோ, தன் கழுத்துத் துணியின் முனையை எடுத்துப் பல்லால் கவ்விக்கொண்டாள். பெரியவர் கைக்குட்டையைக் கவ்வினார். சுபஸ்ரீ சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவைக் கவ்வினாள்.

நாலு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். தண்ணீரைக் கலைக்காமல் காலை எப்படி எடுத்து வைப்பது என்று மற்ற மூவரும் ராஜாத்தியைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். கழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. பறவைகள் எழவில்லை. இன்னும் கிட்டே போனார்கள். தொலைநோக்கி வேண்டியிருக்கவில்லை. அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு நாலா பக்கமும் கேட்டது. ஆயிரம் பூநாரைகள் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றைச் சலித்துத் தின்கிற சத்தம் அது. ராஜாத்தி தினமும் கேட்கிற சத்தம். இதைக் கேட்க மனுஷர்கள் புனேயிலிருந்து வருவார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்க மறந்து நின்றார். ராஜாத்தியும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவள் மாதிரி நின்று பார்த்தாள். ஐயோ, எவ்வளவு அழகு! இதற்குள்தானா நான் இத்தனை நாளும் இருந்தேன் என்று நினைத்தாள்.

படகுக்குத் திரும்பியதும் சுபஸ்ரீ மணிகண்டனிடம் வாயெடுப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார். கடலுக்குப் பயப்படுகிறவன் ஓட்டுகிற படகில்தான் என் மனைவியை நம்பி ஏற்றுவேன் என்று இங்கிலீஷில் சொன்னார். மணிகண்டனுக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. சுபஸ்ரீ சிரித்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் அடுத்த வாரம் வந்துடுங்க" என்றாள். "அந்த வாயைக் கட்டிட்டு நடக்கறது இருக்கே, அதை எல்லாருக்கும் செய்யணும்."

மறுநாள் காலையில் சூளை வண்டி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கருப்பன் மூட்டையைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கினான். அடுக்கும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தான்.

ராஜாத்தி பறி எடுக்காமல் ஏரிக்குப் போனாள். பெண்களெல்லாம் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தார்கள். தலைகள் மட்டும் தெரிந்தன, ஒவ்வொரு வாயிலும் ஒரு கயிறு, ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஒரு பறி. எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். வண்டி வந்ததும் தெரியும், போனதும் தெரியும். இவள் ஏன் போகவில்லை என்றுதான் தெரியாது. கேட்க வாய் இல்லை.

அவள் இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பல் ஒட்டப் பார்த்தது; விடவில்லை.

"இருசம்மா!" என்று பக்கத்தில் தவழ்ந்தவளைக் கூப்பிட்டாள். "நான் பயந்துட்டேன். ஆனா நான் பேசிட்டேன். நான் சூளைக்குப் போவல. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்ததைக் கேட்டதும் எல்லாருடைய வாயும் ஒரே நேரத்தில் பிளந்தது. அத்தனை பறிகளும் கயிறு நழுவி, கடலுக்கு வடிகிற நீரோடு முகத்துவாரத்தைப் பார்த்து மிதக்கத் தொடங்கின.

"அடிப்பாவி, பறி போவுதுடி!" என்று இருசம்மாள் கத்தினாள். தண்ணீரில் அவளும் பேசியது அதுதான் முதல் தடவை. பெண்களெல்லாம் எழுந்து பறிகளைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். ஓடிக்கொண்டே பேசினார்கள்.